பழைய ஃபைபர் பாய்ப்படகைக் குறைந்த செலவில் சீர்செய்தல்

மும்பைக் கரையில் கேட்பாரற்றுக் கிடக்கும் பழைய கட்டமரான் ஒன்று மலிவாகக் கிடைத்தால், பணம் கொடுப்பதற்கு முன் கையில் ஒரு நாணயத்துடன் அதன் பக்கத்தில் அரை நாள் உட்காருங்கள். (பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான்; ஆனால் இது மரங்களைச் சேர்த்துக் கட்டியதன்று, உள்ளீடற்ற இரண்டு ஹல்களை (படகின் உடல்களை) குறுக்குச் சட்டங்களால் இணைத்த படகு.) ஹல் முழுவதையும் நாணயத்தால் நெருக்கமாகத் தட்டிக்கொண்டே வந்தால், நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், ஃபைபர் அடுக்கு ஹல்லின் சுவருக்குள் இருக்கும் ஃபோமைவிட்டுப் பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வளைத்துக் குறியுங்கள். உள்ளங்கை அளவில் நாலைந்து குறிகள் இருந்தால் கவலை வேண்டாம். குறுக்குச் சட்டங்கள் ஹல்லோடு சேரும் இடங்களைச் சுற்றிய பகுதி அழுத்தினால் அமுங்குமானால், இனாமாகக் கொடுத்தாலும் அந்தப் படகு வேண்டாம்.

அடுத்தது ஈரம். செம்பூரில் நண்பரின் கொட்டகையில் நான் போட்ட முதல் ஒட்டு, மழை முழுதும் ஓயாத செப்டம்பரில் போட்டது. மூன்றாம் வாரம் ஓரத்தை நகத்தால் நெம்பியபோது அப்பளம் போல முழுதாகக் கழன்று வந்தது, அடிப்பக்கம் வியர்த்திருந்தது. ஆகவே ஹல்லின் வடிகால் அடைப்பைத் திறந்து, முதலில் உட்புறத்தை நல்ல தண்ணீரால் பலமுறை அலசுங்கள். உப்பு தங்கினால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பிறகு திறப்பின் வாயில் ஒரு டேபிள் ஃபேனை வைத்துச் சில வாரங்கள் காயவிடுங்கள். ரெசின் (ஃபைபரை இறுக்கி ஒட்டும் பிசின்) வேலைக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள வறண்ட மாதங்களே ஏற்றவை. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் மீன்பிடித் தடை இருப்பதால், கோலிவாடாக்களில் (மீனவர் குடியிருப்புகளில்) படகுகள் கரையேறி நிற்கும். ஃபைபர் வேலை தெரிந்தவர்களை அப்போதே பார்த்துப் பேசி வைக்கலாம்.

ஒட்டின் வலிமை, உடைந்த ஓரத்தை எவ்வளவு சரிவாகத் தேய்க்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. தடிமனைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவு வேண்டும்; 3 மி.மீ. தடிமனுக்குச் சுற்றிலும் 36 மி.மீ. சரியாகத் தேய்த்த ஓரத்தில் பழைய அடுக்குகள் வெங்காயத் தோல் போல வரிவரியாகத் தெரியும். அதன் பிறகு அசிட்டோனால் துடைத்து, கை படாமல் விடுங்கள். தேய்க்கும் தூசி நுரையீரலுக்குக் கேடு. நல்ல முகமூடியும் கண்ணாடியும் இல்லாமல் தொடங்காதீர்கள், இதில் சிக்கனம் கூடாது.

பழைய ஃபைபரின் மேல் எபாக்சி ரெசினே நன்றாகப் பிடிக்கும். பாலியெஸ்டர் ரெசின் மலிவு. உடைப்புகளுக்கும் சட்டங்கள் சேரும் இடங்களுக்கும் எபாக்சி வாங்கி, மேலோட்டமான கீறல்களுக்குப் பாலியெஸ்டர் ஜெல்கோட் (வெளிப்புற மேற்பூச்சு) பூசினால் செலவு கட்டுக்குள் நிற்கும். ஆனால் எபாக்சி ஒட்டின் மேல் அந்த ஜெல்கோட்டைப் பூசாதீர்கள். சரியாக இறுகாமல் போகலாம். எபாக்சிக்கு நெய்த கண்ணாடித் துணியைத்தான் பயன்படுத்த வேண்டும்; சாதாரண மேட்டின் (நெய்யாத கண்ணாடியிழை விரிப்பின்) இழைகளைப் பிணைக்கும் பசை பாலியெஸ்டரில்தான் கரையும். பாலியெஸ்டரோடு வேலை செய்தால் 450 கிராம் மேட் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ ரெசின் செலவாகும். ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட், ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம். மும்பை வெயிலில் குறைந்த அளவே போதும். இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேராகக் கலக்காதீர்கள், வெடித்துத் தீப்பற்றும். குழிகளைத் தெர்மக்கோலால் அடைக்கவும் வேண்டாம், பாலியெஸ்டர் ரெசின் அதைக் கரைத்துவிடும்.

ரெசினைச் சிறிது சிறிதாகக் கலந்து, அகன்ற தட்டில் ஊற்றி, பிரஷ்ஷால் குத்திக் குத்தி ஊறவையுங்கள். வெள்ளைத் துணி மெல்லத் தெளிந்து, அடியிலுள்ள பென்சில் கோடு தெரியத் தொடங்கும். வெண்மை எஞ்சிய இடத்தில் காற்று இருக்கிறது.

பெயின்ட்டுக்கு முன் கசிவைப் பாருங்கள். ஹல்லில் ஒரு திறப்பை மட்டும் விட்டு மற்றவற்றை அடைத்து, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி, வாயால் மட்டும் ஊதுங்கள். கம்ப்ரஸர் வைத்தால் ஹல் பிளந்துவிடும். குமிழி எழும் இடமே கசியும் இடம். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிக் கயிற்றில் ஓர் இழை அறுந்திருந்தாலும் புதியதாக மாற்றிவிடுங்கள். மிஞ்சிய பணத்தில் பெயின்ட் வாங்கலாம்.