புள்ளைகளோட பாலமீன்மடு போறீங்களா? இத ஒருக்கா பாருங்க

லீவு நாளில பாசிக்குடா கடற்கரைக்குப் போய் சனத்துக்குள்ள நசியிறத விட, மட்டக்களப்பு டவுனுக்குக் கிட்டவே இரிக்கிற பாலமீன்மடு வெளிச்சவீட்டடிக்கு ஒருக்கா புள்ளைகளக் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க, 1913ல கட்டினது, சுத்திவர கண்டல் மரம், வாவி ஒரு பக்கம், கடல் மற்றப் பக்கம்.

ஆனா வெள்ளனவே போகணும். நாங்க போன ஆனி மாசம் பத்து மணிக்குப் போய் கச்சான் காத்தில காஞ்சு கருவாடாகித்தான் திரும்பினது, அதுக்குப் பிறகு எப்பவும் ஆறரைக்கே வெளிக்கிட்டுருவம், புட்டும் மீன் பொரியலும் கட்டிக்கொண்டு போனா வெயில் ஏற முதல் சாப்பிட்டு முடிச்சு திரும்பிரலாம்.

முக்கியமான விசயம், முகத்துவாரப் பக்கம் புள்ளைகள தண்ணில இறக்கவே வேணாம், வாவி கடலோட சேருற இடம், பாக்க அமைதியா இரிக்கும், உள்ளுக்க இழுவை. குளிச்சே ஆகணுமெண்டு அழுதா அதுக்குப் பாசிக்குடாதான் சரி, அங்க கனதூரம் போனாலும் இடுப்பளவுதான்.

கண்டல் வேர் காலக் குத்தும், வார் வச்ச பழைய செருப்பு போட்டு விடுங்க. நுளம்புக்குப் பூசவும் ஏதாவது கொண்டு போங்க. ஐப்பசி பிறந்தா மாரி தொடங்கிரும், அதுக்குள்ள போயிட்டு வந்துருங்க.