டோட்டோ பந்துகளும் தப்புக் கணக்குகளும்

சிங்கப்பூரின் டோட்டோ லாட்டரிக்குத் திங்கள், வியாழன் மாலை ஆறரை மணிக்குக் குலுக்கல். அதற்கு முன்னால் சிராங்கூன் சாலைப் பக்கம் டோட்டோ வாங்கும் வரிசையில் நின்று பாருங்கள். "அண்ணே, 27 விழுந்து ரொம்ப நாளாச்சு. இந்த வாட்டி கட்டாயம் விழும்" என்று ஒருவர் அடித்துச் சொல்வார். பின்னால் நிற்பவர், "ஆமா தம்பி, நானும் அதத்தான் போட்டிருக்கேன்" என்பார். பணம் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். மூடிய இடத்துக்குள் பந்துகள் எப்படி மோதுகின்றன என்பதைப் பற்றிய தவறான எண்ணம் இந்தப் பேச்சுக்கு அடியில் இருக்கிறது. தொடக்கக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் துணைப்பாடம் நடத்துகிறேன்; மோதல் பாடத்தில் அவர்களும் இதற்குப் பங்காளியான தவறுகளைச் செய்கிறார்கள்.

முதலில் அந்த 27. குலுக்கலுக்கு 49 பந்துகள், அதில் ஆறு வெற்றி எண்கள், கூடுதலாக ஓர் எண். ஒவ்வொரு முறையும் 49 பந்துகளும் திரும்ப உள்ளே போகின்றன. போன வாரம் வெளியே வந்தோமா இல்லையா என்பது பந்துக்குத் தெரியாது. குறிப்பிட்ட ஓர் எண் அந்த ஆறில் ஒன்றாக வரும் வாய்ப்பு 49க்கு 6, அதாவது 12 விழுக்காட்டுக்குச் சற்று மேல். இருபது குலுக்கலாக வராத எண்ணுக்கும் அதே 12 விழுக்காடுதான். ஓர் எண் தொடர்ந்து 20 குலுக்கல் வராமல் போகும் வாய்ப்பு ஏறக்குறைய 7 விழுக்காடு. 49 எண்கள் இருப்பதால், எந்த நாளில் எடுத்துப் பார்த்தாலும் சராசரியாக மூன்று நான்கு எண்கள் அப்படி 'காணாமல்' போயிருக்கும். துண்டுத்தாளில் பழைய முடிவுகளை எழுதி வைத்திருப்பவர் கண்ணில் அவைதான் படும். படுவதில் வியப்பில்லை, அதை வைத்துக் கணிப்பதில்தான் தவறு. மறுபக்கமும் இருக்கிறது: 2009 செப்டம்பரில் பல்கேரியாவில் 4, 15, 23, 24, 35, 42 என்ற அதே ஆறு எண்கள் அடுத்தடுத்த இரண்டு குலுக்கல்களில் விழுந்தன. விசாரணை வைத்தார்கள், மோசடி எதுவும் அகப்படவில்லை.

"பந்துகள் தொடக்கத்தில் எங்கெங்கே இருந்தன என்று தெரிந்தால் கணிக்கலாமே சார்?" இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் கெட்டிக்காரப் பிள்ளைகள். நியூட்டனின் விதிகளில் தற்செயலுக்கு இடமில்லைதானே என்பது அவர்கள் வாதம். விதிகளில் இல்லை, உண்மைதான். ஆனால் பந்து உருண்டை. மோதும் இடம் மயிரிழை விலகினாலும் மையங்களை இணைக்கும் கோடு திரும்புகிறது. பந்து போகும் திசையும் அதோடு திரும்புகிறது. அடுத்த பந்தைத் தொடுவதற்குள் அந்த விலகல் பெருகிவிடும். ஒரு மோதலுக்கு ஐந்து மடங்கு பெருகுகிறது என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் நம் அளவீட்டில் ஒரு நானோமீட்டர் பிழை, தலைமுடித் தடிமனில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு. ஐந்தைப் பதினொரு முறை பெருக்கினால் 4 கோடியே 88 லட்சம். ஒரு நானோமீட்டர் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் ஆகிவிட்டது. ஒப்புக்கு மேசைப்பந்தாட்டப் பந்தை எடுத்துக்கொண்டால், அதன் விட்டம் 4 சென்டிமீட்டர்தான். பன்னிரண்டாவது மோதல் நடக்குமா, பந்து விலகிப் போகுமா என்பதையே சொல்ல முடியாது. குலுக்கல் இயந்திரத்தின் உருளைக்குள் 49 பந்துகள் சுழலும்போது பதினொரு மோதலுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? எனக்கு இந்தப் பாடத்தில் மிகப் பிடித்த இடம் இது. பிள்ளைகள் கால்குலேட்டரில் தாங்களே ஐந்தைப் பெருக்கிப் பார்க்க வேண்டும். நான் சொல்லி அவர்கள் கேட்டுக்கொள்வதில் பயனில்லை.

தேர்வுத்தாளில் அதிகம் மதிப்பெண் போகும் இடம் வேறு. உருளைக்குள் இருக்கும் பந்துகளின் மொத்த உந்தம் (நிறையையும் திசையோடு சேர்ந்த வேகத்தையும் பெருக்கினால் வருவது), பிள்ளைகள் வாயில் மொமெண்டம், மாறாது என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டு பந்துகள் தங்களுக்குள் மோதும்போது அது சரி. சுவர் குறுக்கே வந்தால் சரியில்லை. 2.7 கிராம் பந்து நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் நேராகச் சுவரில் பட்டு அதே வேகத்தில் திரும்பினால், 'வேகம் மாறவில்லை, ஆகவே மாற்றம் சுழி' என்று போடுவார்கள். திசை தலைகீழாகிவிட்டதே! மாற்றம் இரண்டு மடங்கு: 0.0162 கிலோகிராம் மீட்டர்/நொடி. அதை வாங்கிக்கொண்டது சுவர், சுவர் வழியே தரை. பந்துகளை மட்டும் எண்ணி உந்தக் கணக்கை மூட முடியாது. சுவரையும் சேருங்கள்.

ஆற்றலில் நேர்மாறான தவறு. மோதல்கள் எல்லாம் முழு மீள்தன்மை உடையவை, அதாவது இயக்க ஆற்றலைச் சிறிதும் இழக்காதவை என்று எடுத்துக்கொள்வது. மேசைப்பந்தாட்ட விதிப்படி, எஃகுப் பாளத்தின் மேல் 30.5 சென்டிமீட்டரிலிருந்து விடும் பந்து 24 முதல் 26 சென்டிமீட்டர் வரைதான் எழ வேண்டும். ஒரு துள்ளலுக்குக் கிட்டத்தட்ட 18 விழுக்காடு ஆற்றல் போகிறது. பத்துத் துள்ளலுக்குப் பின் மிஞ்சுவது ஏழில் ஒரு பங்கு. அதனால்தான் குலுக்கல் இயந்திரத்துக்குக் காற்றோ துடுப்போ விடாமல் ஆற்றல் ஊட்ட வேண்டியிருக்கிறது.

'எட்டுக்கு மை அதிகம், ஒன்றுக்குக் குறைவு, ஆகவே எட்டு கனம்' என்ற பேச்சும் உண்டு. சமவாய்ப்பு நிற்பதே பந்துகளின் ஒரே எடையில் என்பதால், எடையை நினைப்பது மட்டும் முட்டாள்தனமல்ல. 1980 ஏப்ரல் 24 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மூன்று இலக்கக் குலுக்கல் ஒன்று நடந்தது. காற்றில் மிதக்கும் பந்துகளில் 4, 6 தவிர மற்ற எல்லாவற்றுக்குள்ளும் ஊசி வழியே பெயின்ட் ஏற்றியிருந்தார்கள். கனத்த பந்துகளைக் காற்றால் குழாய் வரை தூக்க முடியவில்லை. விழுந்தது 666. நாலும் ஆறும் மட்டும் வந்தால் எட்டே எட்டு மூன்றிலக்க எண்கள்தான் அமையும். அந்த எட்டின் மேலும் வழக்கத்துக்கு மாறாகப் பணம் குவிந்திருந்ததுதான் ஆட்களைக் காட்டிக்கொடுத்தது.