காட்டோர டுரியான் தோட்டம்: விளைச்சலையும் விலங்கையும் காக்கும் வழி

மலேசியாவின் பினாங்குக் கொடிமலையையும் அதைச் சூழ்ந்த காடுகளையும் யுனெஸ்கோ 2021 ஆம் ஆண்டில் உயிர்க்கோளக் காப்பகமாக அங்கீகரித்தது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பாலேக் பூலாவ், தெலுக் பஹாங் பகுதித் தோட்டங்களுக்குக் குரங்கும் அணிலும் வௌவாலும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. இவற்றை ஒரே கணக்கில் சேர்த்து விரட்டுவதுதான் தோட்டக்காரருக்கு உண்மையான நட்டம். ஆகவே எது விளைச்சலைத் தருகிறது, எது எடுக்கிறது என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும்.

வௌவாலிலிருந்து தொடங்கலாம். டுரியான் பூ மாலையில் விரிந்து, இரவிலேயே மகரந்தச் சேர்க்கையை முடித்துக்கொண்டு, விடிவதற்குள் இதழ்களையும் மகரந்தத் தாள்களையும் தானாகவே உதிர்த்துவிடும். காலையில் மரத்தடியில் பரவிக் கிடக்கும் பூக்களைக் கண்டு வௌவாலைக் குறை சொல்வது நெடுநாள் வழக்கம். ஆனால், தியோமான் தீவில் கேமரா பொருத்திச் செய்யப்பட்டு 2017 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, பழந்தின்னி வௌவால்கள் பூவைச் சிதைக்காமல் தேனை மட்டும் உண்டு மகரந்தச் சேர்க்கைக்குத் துணைபுரிவதைக் காட்டியது. குகைகளில் தங்கும் சிறிய தேன் வௌவால்களும் இதே வேலையைச் செய்கின்றன. டுரியான் வகைகளில் பல தன் மகரந்தத்தால் சரிவரக் காய்ப்பதில்லை என்பதால், ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு மகரந்தத்தைக் கொண்டுசெல்லும் இந்தக் கூலியில்லா வேலையாட்களை இழப்பது அறிவுடைமை ஆகாது. பூக்கும் வாரங்களில் வலை கட்டாதீர்கள். மாலைக்குப் பிறகு பூச்சிமருந்து தெளிப்பதையும் மரத்தின்மேல் விளக்கு அடிப்பதையும் தவிருங்கள்.

டுரியான் பூக்காத மாதங்களிலும் வௌவாலுக்கு இரை வேண்டும். தோட்டத்து எல்லையில் வாழையும் பெத்தாய் அவரை மரமும் வைத்தால் அதற்குத் தேன் கிடைக்கும், உங்களுக்கும் கைச்செலவுக்கு ஆகும். கடலோரச் சதுப்புநில மரங்களின் பூக்களையும் தேன் வௌவால்கள் நாடிச் செல்வதால், மலைத் தோட்டக்காரருக்கும் அலையாத்திக் காட்டின்மீது அக்கறை இருந்தாக வேண்டும். இதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

இளங்காயைச் சேதப்படுத்தும் குரங்கையும் அணிலையும் தடுப்பது வேறு வேலை. அடிமரத்தைச் சுற்றி வழுக்கும் தகரத்தை ஆளுயரத்துக்கு மேலே அகலமாகப் பொருத்துங்கள். மரம் பருக்கும்போது இறுகாதபடி ஆண்டுதோறும் தளர்த்திவிடுங்கள். பக்கத்து மரக்கிளைகள் தொட்டுக்கொண்டிருந்தால் தகரத்தால் பயனில்லை என்பதால், காய்க்கும் மரங்களைச் சுற்றி இடைவெளி தெரியும்படி கிளைகளைக் கழிக்க வேண்டும். ஆனால் காட்டை ஒட்டிய கடைசி வரிசை உயர்மரங்களை வெட்ட வேண்டாம். இலைதழைகளையே பெரிதும் தின்னும் லோத்தோங் குரங்கு அவ்வழியே கடந்துபோய்விடக்கூடும். அந்த வழி அறுந்தால் அது சாலையில் இறங்கி அடிபடும். தெலுக் பஹாங்கில் 2019 ஆம் ஆண்டில் பழைய தீயணைப்புக் குழாய்களால் சாலைக்கு மேலே பாலம் அமைக்கப்பட்டது இதற்காகத்தான்.

உதிர்ந்த பழத்தையும் தோலையும் அன்றன்றே அகற்றிவிடுங்கள். பழம் சாப்பிட வரும் விருந்தினர் குரங்குக்குத் தீனி போடுவதைத் தயங்காமல் தடுத்துவிடுங்கள், ஏனெனில் கையில் வாங்கித் தின்று பழகிய கேரா என்னும் நீள்வால் குரங்கைத் தகரமும் தடுக்காது, நாயும் தடுக்காது.

கண்ணி வைப்பதும், உரிமமின்றிச் சுடுவதும் 2010 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சேதம் மிகுந்தால் நாள், நேரம், கூட்டத்தின் அளவு, சேதமான மரங்கள் ஆகியவற்றைக் குறித்து, படத்துடன் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் புகார் கொடுங்கள். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களும் சேர்ந்து ஒரே புகாராகக் கொடுப்பது நல்லது. ஒரு தோட்டத்தில் விரட்டப்பட்ட கூட்டம் அடுத்த தோட்டத்தில்தான் இறங்கும்.