காற்றாலைச் சுமைக் கணக்கு: சராசரியை நம்பிச் செய்யும் தவறுகள்

போன கிழமை, பயிற்சிக்கு வந்திருக்கும் ஒரு தம்பி தன் எக்செல் தாளைத் திருப்பிக் காட்டினான். "அண்ணா, கொந்தளிப்புச் சராசரி 11 வீதம்தான் வருது. எல்லைக்குள்ள நிக்குது." பல வருடங்களுக்கு முன் நான் எழுதிய அதே வரி! அதனால்தான், காற்று ஒரு காற்றாலையை எவ்வளவு வருத்தும் என்று பார்க்கும் சுமைக் கணக்கின் தவறுகளை எழுதுகிறேன். கொந்தளிப்பு என்பது காற்றின் வேகம் தன் சராசரியைச் சுற்றி ஏறி இறங்கும் அளவு: நியம விலகலைச் சராசரி வேகத்தால் வகுத்து வீதமாகச் சொல்வோம். எல்லை என்பது காற்றாலை தாங்குவதற்கென்று வடிவமைத்த அளவு. அலகு மாறுவது, திசையைப் பிழையாகப் பதிவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை எப்படியும் பிடிபடும்.

எல்லாத் திசைக்கும் ஒரே சராசரி

காற்றாலை காற்றின் சக்தியை எடுத்ததும், அதன் பின்னால் வேகம் குறைந்த, கலங்கிய காற்று நீண்டு கிடக்கும். நாங்கள் வேக் என்று சொல்வது இதைத்தான். தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏற்றியவர்களுக்கு இது விளங்கும். வெளியில் விண் கூவி நின்ற பட்டம், பனைகளின் மறைவுக்குள் வந்ததும் தலையை ஆட்டிக் குத்தும். முச்சையில் பிழை இல்லை, காற்றுத்தான் கலங்கியிருக்கிறது. பின்னால் நிற்கும் காற்றாலையின் இறக்கை இதை 20 வருடம் தாங்க வேண்டும்.

இப்போது கணக்கு. 90 வீத நேரம் சுத்தமான காற்று, கொந்தளிப்பு 10 வீதம். மீதி 10 வீத நேரம் பக்கத்துக் காற்றாலையின் வேக், கொந்தளிப்பு 20 வீதம். சாதாரணச் சராசரி 11. ஆனால் வளைந்து நிமிர்வதால் சேரும் சேதம் அலைவின் (ஒவ்வொரு தடவையும் சுமை ஏறி இறங்கும் அளவின்) அடுக்காக ஏறுகிறது: உருக்குக் கோபுரத்துக்கு வழக்கமாக 4, கண்ணாடியிழை இறக்கைக்கு 10. அலைவு இரட்டித்தால் கோபுரத்தில் சேதம் 16 மடங்கு, இறக்கையில் 1,024 மடங்கு. அலைவு கொந்தளிப்பின் அளவுக்கே கூடும் என்று கொண்டு, அந்த அடுக்கோடு சராசரி எடுத்தால் கோபுரத்துக்கு 12.6, இறக்கைக்கு 15.9. அதாவது 11 என்று எழுதியவர் இறக்கையின் சேதத்தை ஏறக்குறைய 40 மடங்கு குறைத்து எழுதியிருக்கிறார். காற்றாலை வடிவமைப்புக்கான சர்வதேச நியமமான ஐ.இ.சி. 61400-1 இல் வரும், வேக் கொந்தளிப்பைக் கணக்கிடும் பிரான்ட்சன் முறை இந்த அடுக்குச் சராசரியைத்தான் கேட்கிறது.

முன்பு அதே வரியோடு போன என் அறிக்கை பிழையென்று திரும்பி வந்தபோது, அத்திவாரத்துக்கு மண் துளைத்துப் பார்க்கும் வேலை முடிந்திருந்தது. இரண்டு இடங்களை நகர்த்தினோம், மறுபடி துளைத்தோம். 12 திசைக்கும் பிரித்த அட்டவணை என் கையிலேயே இருந்தது. அதைச் சுருக்கி ஒரே எண்ணாக்கியது நான்தான். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

எங்கள் பக்கத்தில் இந்தப் பிழை சுலபமாக வரும். பருவக்காற்றுகளான சோளகமும் வாடையும் திசை தவறாமல் அடிக்கும் என்ற நம்பிக்கையில், காற்றுக்குக் குறுக்கே ஒரே வரிசை போடுவோம். மன்னாரில் தம்பபவனி காற்றாலைப் பண்ணையின் 30 காற்றாலைகளும் தென்கரையை ஒட்டித்தான் நிற்கின்றன. குறுக்கு வரிசையில் பிரதான காற்றுக்கு வேக் தொல்லை இல்லை. சரி, பருவம் மாறும்போது காற்று வரிசையின் நீளத்துக்கே ஓடினால்? அந்தச் சில மணித்தியாலங்கள் சராசரியில் கரைந்துவிடும், இறக்கையில் கரையாது. இடைவெளியைக் கூட்டுங்கள். முடியாவிட்டால் அந்தத் திசைக்கு மட்டும் ஒன்று விட்டு ஒன்றை நிறுத்தி ஓட்டுங்கள். அதற்கான மின் இழப்பை முதலிலேயே கணக்கில் எழுதுங்கள்.

தம்பி நேற்று 12 வரிகளோடு வந்தான். தென்கிழக்கில் இறக்கையின் எண் எல்லையைத் தாண்டியிருந்தது.

மின் இழப்பை வைத்துச் சுமையை மதிப்பிடுவது

காற்று பலமாக அடிக்கும்போது பின்னால் நிற்பதும் முழு மின்சாரம் தரும். இழப்பு பூச்சியம். ஆனால் கலங்கல் அப்போதும் இறக்கையை ஆட்டிக்கொண்டே இருக்கும்.

நேர் பின்னால் மட்டும் பார்ப்பது

பாதி வேக் சில உறுப்புகளுக்கு முழு வேக்கைவிட மோசம். வட்டத்தின் ஒரு பக்கம் விரைவான காற்று, மறுபக்கம் மந்தமான காற்று. ஒவ்வொரு சுற்றிலும் இறக்கை ஒரு தடவை வளைந்து நிமிரும். நிமிடத்துக்கு 12 சுற்று என்றால் ஒரு நாளுக்கு 17,280 தடவை. அப்புறம், வேக் ஓரிடத்தில் நிற்காது, பக்கவாட்டில் அலையும். நேர் பின்னாலும் சில பாகை விலத்தியும் கணக்கை ஓட்டுங்கள்.

பகல் அளவை இரவுக்கும் வைப்பது

நிலம் குளிர்ந்த இரவில் வேக் கலையாமல் நெடுந்தூரம் வரும்.

நியம விலகல் இல்லாத காற்றுத் தரவு

வாங்காதீர்கள். அது இல்லாமல் கொந்தளிப்பைக் கணக்கிட முடியாது.