‘ஃபைன்’ என்றால் வேண்டாம்

ஊரிலேயே நமக்குப் பழகிய சொல்தான். நலம் சொல்லவும் ஃபைன், புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பினால் கட்டுவதும் ஃபைன். இதில் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆங்கிலம் பேசும் இந்த நாட்டுக்கு வந்த முதல் மாதம், லிஃப்டில் ஒரு பெண்மணி பெரிய பெட்டியைச் சுமந்துகொண்டு நின்றார். பிடிக்கட்டுமா என்று கேட்டேன். “ஐ ஆம் ஃபைன்” என்றார். நலம் சொல்கிறாராக்கும் என்று, “ஐ ஆம் ஃபைன் டூ” என்றபடி பெட்டியின் ஒரு முனையைப் பற்றினேன். அவர் அந்தப் பக்கம் இழுக்க, நான் இந்தப் பக்கம் இழுக்க, கதவு திறந்ததும் ஆளை விட்டால் போதும் என்று போய்விட்டார்.

உதவட்டுமா, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்கும்போது வரும் ஃபைனுக்கு ‘வேண்டாம்’ என்று பொருள். நம் ‘இருக்கட்டும், பரவாயில்லை’ மாதிரி. ஆனால் நாம் ‘இருக்கட்டும்’ என்றால் இன்னொரு தடவை கேட்பார்கள் என்று காத்திருப்போம். இங்கே பெரும்பாலும் மறுபடி கேட்கமாட்டார்கள். கூச்சத்தில் ஃபைன் என்றுவிட்டால் தட்டு அடுத்தவரிடம் போய்விடும்.

“தட்ஸ் ஃபைன்” என்று மேலதிகாரி சொன்னால் சம்மதம்; கவலை வேண்டாம். வெறும் “ஃபைன்.” என்று முற்றுப்புள்ளியோடு மெசேஜ் வந்தால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். வீட்டில் “ரொம்ப நல்லா இருக்கு!” என்று இழுப்பார்களே, அந்த ரகமாகவும் இருக்கலாம்.

நலத்துக்கும் அபராதத்துக்கும் மூலம் ஒன்றுதான்: முடிவைக் குறிக்கும் ‘ஃபினிஸ்’ என்ற லத்தீன் சொல். பணத்தைக் கட்டி விவகாரத்தை முடிப்பது ஒரு ஃபைன். குறையில்லாமல் செய்து முடித்தது இன்னொரு ஃபைன். பொடியானது, மெல்லியது என்ற பொருளும் உண்டு. நாம் மாவை ‘நைசாக’ அரைக்கச் சொல்வோமே, ஆங்கிலத்தில் அந்த இடத்தில் வருவது ஃபைன். வாடகை ஒப்பந்தத்தின் அடியிலுள்ள பொடி எழுத்து ‘ஃபைன் பிரிண்ட்’. கையெழுத்துக்கு முன் அதைப் படித்துவிடுங்கள்.

இந்தச் சொல்லை அடியோடு மறக்க வேண்டிய இடம் மருத்துவரின் அறை. “ஹௌ ஆர் யூ?” என்றதும் பழக்கதோஷத்தில் ஃபைன் என்று வாய் முந்தும். எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக என்பதிலிருந்தே தொடங்குங்கள்.