பழைய கார் வாங்கும் முன் சோதித்துப் பார்க்க யாரைக் கூப்பிடுவது?

பழைய கார் பார்க்கப் போகும்போது கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போவது நமக்குப் புதிதில்லை. தெருமுனை மெக்கானிக்கோ, ரொம்ப வருடம் டிரைவராக இருந்த சித்தப்பாவோ வருவார், பானட்டைத் திறப்பார், ஆக்ஸிலரேட்டரை இரண்டு மிதி மிதித்து "இன்ஜின் சுத்தமா இருக்குப்பா" என்பார், எல்லோரும் டீ குடித்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருவோம். மாருதி 800 காலத்தில் இது போதுமாக இருந்தது. இன்றைய வண்டியில் இன்ஜினுக்கு ஒரு கம்ப்யூட்டர், ஏபிஎஸ்ஸுக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று என்று இருக்கிறது, காதால் கேட்டு அதையெல்லாம் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் ஃபீஸ் வாங்கிக்கொண்டு வண்டியைச் சோதித்து ரிப்போர்ட் தருகிறவர்கள் இப்போது நிறையப் பேர். சிக்கல் என்னவென்றால் இந்த வேலைக்கென்று லைசென்ஸ் எதுவும் கிடையாது. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஒரு ஸ்கேனரும் விசிட்டிங் கார்டும் கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் நாளைக்கே ஆரம்பித்துவிடலாம்.

என் மச்சான் 2024-ல் தாம்பரம் பக்கம் பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங்கில் ஹேட்ச்பேக் ஒன்றை எடுத்தான். ரிப்போர்ட் வாங்கித்தான் எடுத்தான், அதுதான் வேடிக்கை. நூற்றுச் சொச்சம் பாயிண்ட், எல்லாமே பச்சை டிக், "வெள்ளத்தில் நின்ற அடையாளம்: இல்லை" என்று தனியாக ஒரு வரி வேறு. நாலு மாதத்தில் பவர் விண்டோ தானாக இறங்க ஆரம்பித்தது, ஏசி போட்டால் குளத்து வாடை. சீட்டைக் கழற்றி கார்ப்பெட்டைத் தூக்கினால் அடியிலிருக்கும் பஞ்சு முழுக்கக் காய்ந்த வண்டல், சீட் ரெயில் போல்ட் எல்லாம் துரு. எந்த மழையில் நின்ற வண்டி என்று யாரும் எழுதித் தரப்போவதில்லை, ஆனால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் கார்கள் மிதந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். பிறகு விசாரித்தபோதுதான், அந்த ரிப்போர்ட் ஆளின் நம்பரைக் கொடுத்ததே கன்சல்டிங்காரர்தான் என்று மச்சான் சொன்னான்.

அதனால் முதலில் கேட்க வேண்டியது எத்தனை பாயிண்ட் செக் பண்ணுவீர்கள் என்பது இல்லை. இவருக்கு யார் யாரிடமிருந்து காசு வருகிறது? நம் ஊரில் கார் வியாபாரம் கமிஷனில் ஓடுகிறது, கூட வரும் மெக்கானிக்குக்குக்கூட வண்டி கைமாறினால் விற்பவரிடமிருந்து ஏதாவது போவது சகஜம். அதைத் தப்பென்று அவர்களே நினைப்பதில்லை. ஆனால் வண்டி விலைபோனால்தான் தனக்குக் காசு என்கிற ஆள் வண்டியில் குறை சொல்ல மாட்டார். ஆகவே நீங்கள் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒரே ஃபீஸ், அதுவும் உங்களிடமிருந்து மட்டும் என்பவரைப் பிடியுங்கள். "வண்டி முடிஞ்சா குடுங்க சார், இல்லைன்னா வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் பெருந்தன்மை என்று நினைக்காதீர்கள். "இது வேண்டாம் சார், நானே நல்ல வண்டி ஒண்ணு காட்டுறேன்" என்று ஆரம்பித்தால் அவர் புரோக்கர், அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

சர்டிஃபைட் என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிற பெரிய பெரிய கடைகளின் ரிப்போர்ட்டும் இதே கணக்கில்தான் வரும். பொய் என்று சொல்லவில்லை, சில ரிப்போர்ட்டுகள் நன்றாகவே இருக்கும், வாரண்டியும் தருவார்கள். ஆனால் சரக்கை விற்பவரே தரம் பார்த்துச் சொல்கிறார், அவ்வளவுதான். அதை ஒரு தகவலாக வைத்துக்கொண்டு நம் ஆளை வைத்து மறுபடி பாருங்கள்.

சரி, யார் யார் இருக்கிறார்கள்? கம்பெனி அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்கே வண்டியைக் கொண்டுபோய்க் காசு கட்டிச் சோதிக்கலாம். லிஃப்ட் இருக்கும், அந்தக் கம்பெனி ஸ்கேனர் இருக்கும், பழைய சர்வீஸ் ரெக்கார்டும் அவர்கள் சிஸ்டத்திலேயே இருக்கும். கஷ்டம் என்னவென்றால் விற்பவர் வண்டியை அங்கே கொண்டுவரச் சம்மதிக்க வேண்டும், சில இடங்களில் "வெளியாள் வண்டிக்கு இதெல்லாம் பண்றதில்ல" என்பார்கள். அதே வண்டியை அங்கேயே சர்வீஸ் விட்டு ஓனரோடு பழக்கமாகியிருந்தால், வேறு கிளைக்குப் போங்கள். இன்னொரு வகை தனியாக இதையே தொழிலாகச் செய்பவர்கள், பெரும்பாலும் சர்வீஸ் சென்டரில் சூப்பர்வைசராகவோ பாடி ஷாப்பிலோ இருந்து வெளியே வந்தவர்கள். என் ஓட்டு இவர்களுக்குத்தான், அதிலும் பாடி ஷாப்பிலிருந்து வந்தவருக்கு. ஏனென்றால் இன்ஜின் குறையைப் பணம் போட்டுச் சரிபண்ணிவிடலாம், வெட்டி ஒட்டிய பாடியை ஒன்றும் பண்ண முடியாது. இன்சூரன்ஸ் சர்வேயர்களையும் யோசியுங்கள். அவர்களுக்கு இன்சூரன்ஸ் துறையைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ-யின் லைசென்ஸ் உண்டு, தினமும் அடிபட்ட வண்டியைப் பார்க்கிற கண், டிங்கரிங் வேலை தப்பாது. இந்த மாதிரி தனி வேலைக்கு எல்லோரும் வரமாட்டார்கள், தெரிந்தவர் மூலம் கேட்டுப் பாருங்கள்.

குடும்ப மெக்கானிக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நல்லவராக இருப்பார், நம்மை ஏமாற்ற மாட்டார். ஆனால் அவர் ஓகே சொன்ன வண்டி பின்னால் நின்றுவிட்டால் வருடக்கணக்கில் பேச்சுக் கேட்க வேண்டும், அந்தப் பயத்தில் எதைக் காட்டினாலும் "வேணாம்ணே" என்பார். 80,000 ரூபாய்க்கு ஓட்டிப் பழக ஒரு வண்டி எடுக்கிறீர்கள் என்றால் அவரே போதும். 3 லட்சம், 4 லட்சம் போடுகிறபோது கருவியோடு வருகிற ஆள் வேண்டும்.

ஆளை முடிவு பண்ணுவதற்கு முன் போனில் பத்து நிமிடம் பேசுங்கள். வரப்போவது அவரேவா இல்லை பையனை அனுப்புவாரா என்று கேளுங்கள். நான் தவறாமல் கேட்கும் இன்னொன்று, கடைசியாக அவர் "வாங்காதீங்க" என்று எழுதிக் கொடுத்த ரிப்போர்ட் ஒன்றை வண்டி நம்பரை மறைத்துவிட்டு அனுப்பச் சொல்வேன். நல்ல வண்டிக்கு யாரும் நல்ல ரிப்போர்ட் எழுதிவிடலாம், மோசமான வண்டியில் எதை எப்படிக் கண்டுபிடித்தார், போட்டோ எடுத்தாரா, தெளிவாக எழுதினாரா என்பதில்தான் ஆள் தெரிவார். அப்படி ஒன்றுகூட இல்லை என்றால் அதுவே பதில். அப்புறம் நீங்கள் பார்க்கிற மாடலைச் சொல்லி, அதில் வழக்கமாக என்ன தொல்லை வரும் என்று சும்மா கேட்டுப் பாருங்கள். தெரிந்தவர் நிறுத்தாமல் பேசுவார். ஆட்டோமேட்டிக் கியர், டர்போ டீசல் என்றால் அதில் கைபட்டவராக இருக்க வேண்டும், எலக்ட்ரிக் வண்டி என்றால் பேட்டரியின் ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று எடுத்துக் காட்ட முடியாதவரைக் கூப்பிட்டுப் பயனில்லை.

கருவி பற்றிக் கேட்க நீங்கள் மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. பெயிண்ட் தடிமன் பார்க்கிற மீட்டர் இருக்கிறதா? கம்பெனி பெயிண்ட் பொதுவாக 80-லிருந்து 150 மைக்ரானுக்குள் இருக்கும், ஒரு கதவு மட்டும் 300 காட்டினால் மறுபடி அடித்தது, 500-ஐத் தாண்டினால் உள்ளே பட்டி போட்டு இழைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பேனலுக்கும் என்ன ரீடிங் என்று ரிப்போர்ட்டில் எழுதுவாரா? அடுத்தது ஸ்கேனர். இன்ஜின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கிற குறை எண்ணை, அதாவது ஃபால்ட் கோடை, மட்டும் படிக்கிற சின்ன டாங்கிள் யாரிடமும் இருக்கும், ஏபிஎஸ், ஏர்பேக் யூனிட்டையும் படிக்குமா என்று கேளுங்கள். விற்பவர் காலையிலேயே பழைய கோடுகளை அழித்துவிட்டு வண்டியைக் காட்டியிருக்கலாம், அப்படி அழித்தால் சில நாள் ஓடும் வரை ரெடினெஸ் என்கிற சுயசோதனைகள் முடியாமல் நிற்கும். அதைப் பார்ப்பீர்களா என்று கேட்டதும் எதிர்முனையில் குரல் மாறினால், நல்லதுக்கா கெட்டதுக்கா என்று உங்களுக்கே புரியும். அடியில் எப்படிப் பார்ப்பார் என்பதையும் கேளுங்கள், லிஃப்டோ ரேம்ப்போ இல்லாமல் மொபைல் டார்ச்சை நீட்டிப் பார்ப்பது பார்ப்பதாகாது. அருகில் ஒரு வாட்டர் வாஷ் கடையில் இருநூறு முந்நூறு கொடுத்தால் வண்டியைத் தூக்கிவிடுவார்கள், நல்ல ஆள் அதை அவரே ஏற்பாடு பண்ணுவார். மொத்தமாக ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். அரை மணியில் முடித்துவிடுகிறேன் என்பவர் போட்டோ எடுக்கத்தான் வருகிறார்.

நான் போன வருடம் ஒருவருக்குக் கொடுத்தது 2,500 ரூபாய். ஊரையும் வண்டியையும் பொறுத்துக் கூடும் குறையும், இதில் பேரம் பேச வேண்டாம். இரண்டு வண்டி பார்த்து இரண்டையும் வேண்டாம் என்று விட்டால்கூட 5,000 ரூபாய்தான்.

இதையெல்லாம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டும். டோக்கன் போட்டுவிட்டால் நம் மனசே வண்டி பக்கம் சாய்ந்துவிடும், குறை சொன்னால் ஆளைக் கோபித்துக்கொள்வோம். விற்பவர் "என்ன தம்பி, நம்பிக்கை இல்லையா" என்பார். "உங்க மேல இல்லண்ணே, வண்டியைப் பத்தி எனக்குத்தான் தெரியாது, செலவு என்னோடது" என்று சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். லிஃப்டில் ஏற்றக் கூடாது, ஸ்கேனர் மாட்டக் கூடாது என்பவரிடம் வண்டி வாங்க வேண்டாம், ஊரில் வேறு வண்டியா இல்லை. போகும் அன்று காலை இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் சைலன்ஸரையும் பானட்டையும் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் யாரோ நமக்கு முன்னாலேயே அதன் இருமலை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நீங்களும் கூடவே நில்லுங்கள். நம் ஆள் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து வெள்ளக் கறை பார்க்கிறாரா, ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் கையை விடுகிறாரா, சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் லைட் எரிந்து அணைகிறதா என்று கவனிக்கிறாரா, ஃபியூஸ் பாக்ஸில் பச்சைப் பூஞ்சை மாதிரி இருக்கிறதா என்று திறந்து பார்க்கிறாரா. மச்சான் இதில் எதையுமே பார்க்கவில்லை, ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது.

ரிப்போர்ட்டில் சேஸிஸ் நம்பர் போட்டோவும் மீட்டர் கிலோமீட்டர் போட்டோவும் கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது எந்த வண்டியின் ரிப்போர்ட் என்றே சொல்ல முடியாது. படிக்கும்போது பத்துக்கு எட்டு, பத்துக்கு ஒன்பது என்று போட்ட மார்க்கை விட்டுவிடுங்கள். ஏப்ரனிலோ (இன்ஜினுக்கு இரண்டு பக்கமும் இருக்கும் தகடு) பில்லரிலோ (கூரையைத் தாங்கும் தூண்) வெட்டி வெல்டிங் வைத்தது, வெள்ளம், மீட்டரைக் குறைத்தது, சேஸிஸ் நம்பரில் கை வைத்தது, இந்த நாலில் எது இருந்தாலும் விலை எவ்வளவு இறங்கினாலும் எழுந்து வந்துவிடுங்கள். டயர், பிரேக் பேட், பேட்டரி, கிளட்ச், பம்பரில் கீறல் இதெல்லாம் பேரத்துக்கு. டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம், ஐந்தாறு வருடம் ஆன டயர் என்றால் பட்டன் நன்றாக இருந்தாலும் நாலுக்கும் கணக்குப் போட்டு விலையில் கழிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு குறைக்கும் சுமார் என்ன செலவாகும் என்று எழுதித் தரச் சொன்னால் நம் ஆள் தருவார், அந்தத் தாளை வைத்துப் பேசினால் வாய்ப்பேச்சை விட எடுபடும்.

பேப்பர் வேலை பெரும்பாலும் அவர் பார்க்க மாட்டார், அது உங்கள் வேலை. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டு லோன் பாக்கி இருக்கிறதா, சலான் நிலுவை இருக்கிறதா, இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது என்று பாருங்கள். லோன் முடிந்தது என்று வாயால் சொன்னால் போதாது, ஆர்சியிலிருந்து லோனை நீக்குவதற்கான படிவம் 35-ம் பேங்க்கின் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) கையில் வேண்டும். விற்பவரின் இன்சூரன்ஸ் பாலிசியை வாங்கி நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாத வருடங்களுக்குக் கிடைக்கிற தள்ளுபடி, எத்தனை சதவீதம் என்று பார்ப்பது என் பழக்கம். ஒரே ஓனர், ஐந்தாறு வருடம் ஆன வண்டி, போனஸ் 50 சதவீதம் என்றால் நல்ல அறிகுறி, பூஜ்யம் என்றால் சமீபத்தில் கிளெய்ம் போட்டிருக்கலாம் அல்லது பாலிசியை விட்டுவிட்டுப் புதுப்பித்திருக்கலாம். என்ன கிளெய்ம் என்று கேளுங்கள், சொல்கிற கதையும் பெயிண்ட் மீட்டர் ரீடிங்கும் ஒத்துப்போக வேண்டும். முன்பக்கம் லேசாகத் தட்டியது என்று சொல்லி, பின் டிக்கியில் பட்டி இருந்தால் ஒத்துப்போகவில்லை.

வண்டியை எடுக்கும் அன்று ரிப்போர்ட்டில் இருக்கும் டயர் போட்டோவையும் பேட்டரி போட்டோவையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒருமுறை சுற்றி வாருங்கள். பார்த்தபோது இருந்த புது பேட்டரி, கொடுக்கும்போது பழசாக மாறியிருப்பது எனக்கே நடந்திருக்கிறது. ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் இரண்டாவது சாவியையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள், கிளம்பின பிறகு போன் பண்ணினால் எடுக்க மாட்டார்கள்.