மாங்காய் எடையும் நம்பிக்கை இடைவெளியும்

கிருஷ்ணகிரி மண்டியில் ‘பெங்களூரா மாங்காய், சராசரி 400 கிராம் நிற்கும்’ என்கிறார் வியாபாரி. சரிபார்க்க 16 காய்களை எடை போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். (மேல் வரிசையிலேயே பொறுக்காதீர்கள், பெரிய காய்களை அங்கேதான் அடுக்கியிருப்பார்கள்.) சராசரி 385, திட்ட விலக்கம் (காய்களின் எடை சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகியிருக்கிறது என்ற அளவு) 40 கிராம். 40-ஐ 16-இன் வர்க்கமூலமான 4-ஆல் வகுத்தால் திட்டப் பிழை (16 காய்களின் சராசரி, மொத்தக் காய்களின் உண்மைச் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு தள்ளிப்போகும் என்ற அளவு) 10. அதை டி-அட்டவணையில் (சிறு மாதிரிகளுக்கான புள்ளியியல் அட்டவணை) 16 காய்களுக்கும் 95%-க்கும் உள்ள 2.13-ஆல் பெருக்கினால் சுமார் 21. இதை 385-இலிருந்து கழித்தும் கூட்டியும் பார்த்தால், 95% நம்பிக்கை இடைவெளி 364 முதல் 406 வரை (இப்படிக் கணக்கிடும் இடைவெளிகளில் நூற்றுக்குச் சுமார் 95 உண்மைச் சராசரியை உள்ளடக்கியிருக்கும்). 400 அதற்குள்ளேயே இருப்பதால் 5% மட்டத்தில் (சரியான கூற்றைத் தவறாக மறுத்துவிடும் வாய்ப்பை 5% என்று வைத்தால்) அவர் சொன்னதை மறுக்க முடியாது. அதற்காக அது நிரூபணமாகிவிட்டது என்றும் அர்த்தமில்லை! 64 காய் போட்டும் இதே சராசரி, இதே விலக்கம் வந்தால் இடைவெளி 375 முதல் 395 வரை என்று சுருங்கிவிடும்; 400 அதற்கு வெளியே போய்விடும். அப்புறம் தாராளமாகப் பேரம் பேசலாம்.